அரைப்பேர்

மேசை லாச்சியில் ஒரு கத்திரிக்கோல் கிடக்கிறது.
காலையில் பெட்டிகளின் நாடாவை வெட்டும்.
பிறகு இருட்டும்வரை
குளிசை அட்டைகளை.

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
நியாஸ் முதலாளியின் பார்மசி.
மழைக்கு ஒதுங்குகிறவர்களும்
மருந்துக்கு வருகிறவர்களும்
வாசலில் ஒரே மாதிரித்தான் நிற்பார்கள்,
ஏறுவதா வேண்டாமா என்று.

பிறகு துண்டை நீட்டுவார்கள்.
அரசாங்க ஆஸ்பத்திரித் துண்டு.
அங்கே கட்டில் இலவசம், டொக்டர் இலவசம்,
மருந்து முடிந்துவிட்டது என்று சொல்வதும் இலவசம்.
முடிந்துபோன மருந்தைச் சுற்றி
நீல மையில் ஒரு வட்டம்:
வெளியே வாங்கிக்கொள்.

"ஒரு மாசத்துக்கு எவ்வளவுங்க?"
சொல்வேன்.
"ஒரு கெழமைக்கு?"
சொல்வேன்.
அப்புறம் பேச்சு நிற்கும்.
கைக்குள் நோட்டு ஒருமுறை விரிந்து மடங்கும்.
நானும் லயத்துப் பிள்ளைதான்,
அந்த நேரத்தில்
அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
"மூணு நாளைக்கு வெட்டுங்க தங்கச்சி."

வெட்டுவேன்.
மருந்தின் பெயர் ஒரு துண்டோடு போகும்,
காலாவதித் திகதி இன்னொரு துண்டோடு.

சந்தனமேரி கிளினிக் நாளில் வருவாள்,
இரண்டு மணி தாண்டி, பசியோடு.
"நாலரைக்கு எறங்கினேன்.
ஐம்பத்தேழாம் நம்பர்.
பதினொண்ணுக்குத்தான் என் பேரைக் கூப்பிட்டாங்க.
அங்க பேர் கூப்பிட்டா
தோட்டத்துல பேர் விழாது, தெரியும்ல?"
சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.
எங்களுக்குப் பேர் என்றால் ஒரு நாள் கூலி.
பதினெட்டுக் கிலோ நிறுத்தால் ஒரு பேர்.
ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்த பிறகு
பதினேழரையில் முள் நின்றால்
அரைப்பேர்.
அரைக் கிலோ குறைந்ததற்கு
அரை நாள் எப்படிக் காணாமல் போகிறது என்று
ஏ லெவலில் கணக்குப் படித்த எனக்கு
இன்றுவரை விளங்கவில்லை.

காலையில் ஒன்று, இரவில் ஒன்று
என்று டொக்டர் எழுதியிருந்தார்.
அவள் பிளேடால் நறுக்கிக்கொண்டாள்.
"சீனிக்கு அரை போதும்.
ஒடம்பும் கொஞ்ச நாளைக்கு
அரைப்பேர் போடட்டுமே."
அது பிழை என்று சொன்னேன்.
மீதிப் பாதியின் விலையை
அவளும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் அவள் வரவில்லை.
கார்த்திகையிலும்.

சவரிமுத்து வந்தார்.
இடுப்பில் நனைந்த படங்கு,
கையில் பால்மா டின்.
அட்டை கடித்த புண்தான், கரண்டைக்குக் கீழே.
ஆறவில்லை.
திரீவீலருக்கு ஆறு பேர் காசு,
நுவரெலியாவுக்கு.
அங்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம்.
"ஒரு சதம் கேக்கல தங்கச்சி,
எல்லாம் சும்மா."

காலை எடுப்பதற்குச் சும்மா.
காலைக் காப்பாற்றுகிற குளிசைக்கு
முப்பது நாளைக்கு
நான்கு பேர்.
கல்லாவுக்கு மேலே தொங்கும் கல்குலேட்டரில்
தட்டிப் பார்த்தேன்,
தட்டியதை அழித்தேன்.

டின்னைக் கண்ணாடி மேல் கவிழ்த்தார்.
அரைக் குளிசைகள்.
கொழுந்து குறையும் மாசத்துக்கென்று
நறுக்கிய பாதியிலும் மிச்சம் பிடித்திருக்கிறாள்.
எண்ணினேன்:
முப்பத்தெட்டு.
சில ஓரங்கள் ஈரத்தில் பொரிந்திருந்தன.

"புதுசு எழுதிட்டாங்க, ஊசியாம்.
இத எடுத்துக்கிறீங்களா?"
வெட்டிய மருந்து திரும்ப எடுக்கப்படமாட்டாது
என்று மூன்று பாஷையில்
எனக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.
முதலாளி லுஹருக்குப் போயிருந்தார்.
எடுக்கவும் இல்லை நான்,
எடுக்க ஏலாது என்று சொல்லவும் இல்லை.

அவருக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி
துண்டை நீட்டினாள்.
மாமியாருக்காம்.
அதே மருந்து, அதே நீல வட்டம்.

சவரிமுத்துவுக்கு வாசிக்கத் தெரியாது.
வட்டம் தெரியும்.
முப்பத்தெட்டையும் உள்ளங்கையால் கூட்டி
மெல்ல
அவள் பக்கம் தள்ளினார்.

கத்திரிக்கோல் என் விரலில் மாட்டியபடி இருந்தது.